பாதித் தட்டு

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடி எழுதிக்கொள்வது. போனில் பேசினால் "சரி சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுவதும் படிப்பாய், ஏனென்றால் படிப்பதும் எழுதுவதும்தான் உன் பிழைப்பு. அதனால் இதைக் கரி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். திங்கள்தோறும் எனக்குக் கரி இறக்க உன் தெரு வழியாகத்தான் வந்து போகிறார். பதிலையும் அவரிடமே கொடு. பத்திரமான மனுஷர், எதையும் பிரித்துப் பார்க்க மாட்டார்.

அண்ணிக்கு மூட்டு வலி தேவலையா? போன வாரம் போனில் என்னிடம் அப்படிச் சந்தோஷப்பட்டார். "உங்க அண்ணன் திருந்திட்டார். இப்பல்லாம் எதைப் போட்டாலும் குறை சொல்லாம, நல்லாருக்குன்னு சாப்பிடுறார்" என்றார். நம்ப முடியவில்லை. பால் அடிப்பிடிப்பதை மூன்றாவது அறையிலிருந்து கண்டுபிடித்துச் சொல்லி, அம்மாவிடம் "மூக்கன்" என்று பேர் வாங்கியவன் நீ. அந்தப் பேரிலேயே பத்திரிகையில் எழுதிப் பெரிய ஆளும் ஆகிவிட்டாய். வயதானால் மூக்கனுக்கும் பொறுமை வருமோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் நீ போடுகிற "நகரத்தில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய பார்பிக்யூ கடைகள்" பட்டியலை ஊரே வெட்டி வைத்துக்கொள்கிறது. என் கடை வாசலில் நின்றுகொண்டு, அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி, "பாலத்தடிக் கடைக்கு எப்படிம்மா போகணும்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். நானும் இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருஷமாக நடக்கிற கூத்து இது.

தங்கை கடையைப் பற்றி எழுதினால் நாலு பேர் பேசுவார்கள் என்பாய். தெரியும். என் வீட்டுக்காரர் இருந்தவரை நானும் கேட்டதில்லை. அவர் போன பிறகு இந்த ஆறு வருஷமாக அடுப்பைத் தனியாகத் தாங்குகிறவர் கொழுந்தனார். தன் அண்ணன் போட்ட கடை என்று கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டுக்கொண்டே போய் கடைசியில் மறந்தே போனவர். வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டார். போன வாரம் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே, "உங்க அண்ணன் ஒரு தடவை நம்ம அடுப்புல சாப்பிட்டா நல்லாருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும், உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வா அண்ணா. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

உன்
வாயாடி

*

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதமும் அதனுடன் வந்த கரித் தூளும் கிடைத்தன. உறை முழுக்க உன் வண்டிக்காரரின் கைரேகை. அண்ணிக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் குறை சொல்லாத கணவன் கிடைத்த சந்தோஷத்தில் அதை மறந்திருக்கிறாள். அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்காதே.

பதினேழாம் தேதி மதியம் வருகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதே. நான் வந்தால் அண்ணனாக வர மாட்டேன், மூக்கனாகத்தான் வருவேன். எழுதினால் உள்ளதை எழுதுவேன். மற்றவர்களுக்கு ஒரு தராசு, தங்கைக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ள முடியாது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேஜையை எனக்கு ஒதுக்கி வை. நான் வழக்கமாக அங்கேதான் உட்காருவேன். எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

உன் கொழுந்தனாரிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 2

அண்ணாவுக்கு,

நேற்றுக் காலை ஆறு மணிக்கே நானும் கொழுந்தனாரும் பத்திரிகைக் கடை வாசலில் போய் நின்றோம். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நீ எழுதியதை நான்தான் சத்தமாகப் படித்தேன். முதல் கடை, அந்த ஒன்பதாவது மாடிக் கடை. இரண்டாவது பாலத்தடிக் கடை. ஐந்தாவது டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறதே அது. பத்தும் முடிந்தது, எங்கள் கடை இல்லை. அதற்குக் கீழே கட்டம் போட்டு, "எதிர்பார்த்துப் போய் ஏமாந்த இடம்" என்று ஒரு தலைப்பு. நான் நிறுத்தியிருக்க வேண்டும். படிக்கிற வேகத்தில் படித்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் இந்தக் கடை என் சொந்தத் தங்கையுடையது. அதனாலேயே உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மசாலா இறைச்சிக்குள் இறங்கவில்லை. புகை கசக்கிறது. சுடுபவரின் கை சலித்துவிட்டது."

கொழுந்தனார் பத்திரிகையை வாங்கி நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, கரி பற்றவைக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

உன்மேல் கோபமில்லை அண்ணா. நிஜமாகவே இல்லை. நீ சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாய், அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குக் குழப்பமெல்லாம் வேறு. தினமும் நான்தான் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு நன்றாகத்தானே இருந்தது? அப்படியானால் என் நாக்குக்கு என்ன ஆயிற்று? பதினேழாம் தேதி வந்தபோது நீ இரண்டு துண்டு சாப்பிட்டாய், தலையை ஆட்டினாய். எந்தத் துண்டில் கசப்பு தெரிந்தது? தொடையிலா, விலாவிலா? அதை மட்டும் எழுது. திருத்திக்கொள்கிறேன்.

உன்
வாயாடி

*

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நீ இதை இவ்வளவு பக்குவமாக எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமை. அலுவலகத்தில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். சொந்தத் தங்கையையும் விட்டுவைக்கவில்லை, இதுதான் எழுத்து என்று வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் அவற்றில் மூன்றை வெளியிடப் போகிறார்.

எந்தத் துண்டு என்று கேட்டிருக்கிறாய். அப்படித் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதம்மா. மொத்தத்தில் ஒரு சோர்வு தெரிந்தது. கரி இன்னும் கொஞ்சம் நீறு பூத்த பிறகு இறைச்சியை ஏற்றலாம். மசாலாவை இன்னும் ஒரு நாள் ஊறவிடலாம். பல வருஷமாக ஒரே ஆள் ஒரே அடுப்பில் நின்றால் கை தன்னால் பழைய வழியிலேயே போகும். புதுக் கை ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரியும்.

பத்திரிகை வேலை நெருக்குகிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 16

அண்ணாவுக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கரியை மாற்றினேன், ஊறும் நேரத்தைக் கூட்டினேன். புதுக் கையும் வைத்துவிட்டேன்.

அது எப்படி நடந்தது என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கொழுந்தனாரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் நீங்கள் கல்லாவைப் பாருங்கள், அடுப்புக்கு வேறு ஆள் வரட்டும் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், உட்கார வைத்துத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டார். எங்கள் அண்ணன் சொன்னால் தப்பாக இருக்காது என்றேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கம்பிகளை எண்ணி அடுக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அறையையும் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று தெரியவில்லை.

புது ஆள் வேகமாகச் சுடுகிறான். நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் வாயில் போட்டால் எதுவுமே நிச்சயமாகத் தெரிய மாட்டேன் என்கிறது. அதனால் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று என்று எழுதியது நம் பழைய மசாலா, என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து பிடித்த பக்குவம். இரண்டு என்று எழுதியது நான் புதிதாக அரைத்தது. எது சரி என்று சொல். நீ சொல்வதை வைத்துக்கொள்கிறேன், மற்றதைக் கொட்டிவிடுகிறேன்.

உன்
வாயாடி

*

மார்ச் 18

அன்புள்ள வாயாடிக்கு,

பாட்டில்கள் உடையாமல் வந்து சேர்ந்தன. கொழுந்தனார் விஷயம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ரோஷக்காரர், கோபம் ஆறினால் திரும்பி வருவார். நீ தப்பாக எதுவும் செய்யவில்லை, தொழிலில் இதெல்லாம் உண்டு.

இரண்டையும் நிதானமாகச் சுவைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். முதலாவதில் காரம் முந்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதில் எலுமிச்சையின் புளிப்பு முன்னால் வந்து, பின்னால் மெதுவாக மற்றவை வருகின்றன. நிறமும் அருமை, நல்ல செக்கச்செவேல். இதையே வைத்துக்கொள். பழையதைக் கொட்டுவதற்குத் தயங்காதே.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 23

அண்ணாவுக்கு,

பாத்திரம் துலக்குகிற அக்கா ஒரு வாரமாகத் தன் பாட்டிலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். கம்பி துலக்குவதற்குச் செங்கல் பொடியும் சோப்பும் எலுமிச்சைச் சாறும் குழைத்து, மசாலா பாட்டில் மாதிரியே ஒன்றில் வைத்திருப்பார். என் புது மசாலா இங்கேயே அலமாரியில் இருக்கிறது. அவசரத்தில் நான் இரண்டு என்று எழுதி உனக்கு அனுப்பியது அவருடைய பாட்டிலை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ அதைச் சாப்பிட்டிருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பாய், எங்கள் எதிரேதான் இருக்கிறது, தெரிந்திருக்கும். சாப்பிடவில்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை. மோந்திருந்தால் சோப்பு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அண்ணா, உனக்கு என்ன ஆயிற்று?

தங்கை

*

மார்ச் 25

என் தங்கைக்கு,

இந்த உறையை எத்தனை தடவை கிழித்துப் போட்டேன் என்று அண்ணிக்குத்தான் தெரியும். குப்பைக் கூடையைக் காட்டி, கட்டுரை எதுவும் சரியாக வரவில்லையா என்று கேட்கிறாள். அவளுக்கும் இன்னும் சொல்லவில்லை. நீதான் முதல் ஆள்.

போன ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? நீகூடக் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாய். அந்தக் கஞ்சியில்தான் முதலில் தெரிந்தது. உப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் போனால் சரியாகிவிடும் என்று இருந்தேன். காய்ச்சல் போயிற்று, மூக்கு வரவில்லை. உப்பும் புளிப்பும் உறைப்பும் நாக்கில் தெரிகின்றன. மீதியெல்லாம் அட்டையை மெல்வதுபோல இருக்கிறது. மருத்துவர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் வேறு பேட்டையில் போய்ப் பார்த்த மருத்துவர் அவர்.

ஆசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். மூக்கன் என்ற பேரை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடிந்து உள்ளே போகும் தட்டுகளைப் பார்ப்பேன். தட்டு காலியாகப் போனால் கடை நல்ல கடை. மிச்சத்தோடு போனால் மோசம். சாப்பிடுகிறவர்களின் நாக்கை நான் இரவல் வாங்கிக்கொண்டேன். மற்றதைப் பழைய பழக்கத்தில் எழுதிவிடுவேன், என் கைக்கு வார்த்தைகள் தெரியும்.

இந்த வருஷப் பட்டியல் பத்தும் அப்படி வந்ததுதான். ஒன்பதாவது மாடிக் கடையில் ஒவ்வொரு தட்டும் கழுவி வைத்ததுபோல் உள்ளே போயிற்று, அதனால் அதற்கு முதலிடம் கொடுத்தேன். பிறகுதான் ஒரு வாசகர் எழுதினார், அங்கே தட்டில் வைப்பதே மூன்று துண்டுதானாம்.

உன் கடையில் அன்று பதினான்கு தட்டு எண்ணினேன். பதினொன்று பாதியோடு உள்ளே போயின. என் தங்கை கடை இப்படி ஆகிவிட்டதே என்று வருந்தினேன், அது பொய்யில்லை. நீ பரிமாறிய இரண்டு துண்டையும் சாப்பிட்டேன், உப்பு சரியாக இருந்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கசப்பு என்று எழுதியதும் கை சலித்தது என்று எழுதியதும் என் கற்பனை. சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல் எழுதுகிறேனே என்று எனக்குள் ஒரு கர்வம் வேறு. முதுகைத் தட்டியபோது நிமிர்ந்து நின்றேன்.

பாட்டில்களை மூடியைத் திறந்து பார்த்தேன். நாக்கில் வைக்கவில்லை. வைத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது இன்னொரு தடவை தெரிந்துவிடும், அதற்குப் பயந்தேன். இரண்டாவது சிவப்பாக இருந்தது. எலுமிச்சை விதை ஒன்று மிதந்தது. அதை வைத்துக்கொண்டுதான் புளிப்பைப் பற்றி எழுதினேன்.

செங்கல் பொடியை ருசித்தவன் என்று நீ சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ சிரிக்கவில்லை, "என்ன ஆயிற்று" என்று கேட்டிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது.

அண்ணன்

*

மார்ச் 30

அண்ணாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். பால் அடிப்பிடித்தால் ஓடிவருகிற அந்த மூக்குக்காக அழுதேன். அது உன் குற்றமில்லை. ஏழு மாதம் தனியாக இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே அண்ணா.

அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பதினொரு தட்டு. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் யாரையாவது படுக்க வைத்துவிட்டு வருகிறவர்கள். இவர்களுக்கு ஒரு வாய் தொண்டையில் இறங்க வேண்டுமானால் அங்கே படுத்திருக்கிறவருக்கும் ஒரு வாய் போக வேண்டும். அதனால் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கட்டிக் கொடுங்கள் என்பார்கள். தட்டு உள்ளே போகும். கொழுந்தனார் அதை மறுபடி கரியில் ஒரு சுற்றுக் காட்டி, சூடாக இலையில் மடித்து, காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டித் தருவார். வர முடியாதவர்களுக்கு ஆறிப்போனது போகக் கூடாது என்பார். பாதித் தட்டு என்று எங்கள் கடையில் அதற்குப் பேரே இருக்கிறது. தினமும் நாற்பது, ஐம்பது கட்டுவார். பிடிக்காத சாப்பாட்டை யாராவது நோயாளிக்குக் கட்டிக்கொண்டு போவார்களா? எங்கள் அடுப்புக்கு அதைவிட என்ன நற்சான்று வேண்டும்? அதைத்தான் நீ எண்ணி எண்ணிக் குறையாக எழுதினாய்.

இந்தத் தட்டு ஏன் உள்ளே போகிறது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தேன், உன் தங்கை.

நான் மட்டும் யோக்கியமா? என் நாக்கு நன்றாக இருக்கிறது என்றது, அதைத் தள்ளிவிட்டு உன் மூக்கை நம்பினேன். ஆறு வருஷம் என்னைத் தாங்கிய மனுஷரிடம், எங்கள் அண்ணன் சொன்னால் தப்பாக இருக்காது என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் சாப்பிட உட்கார முடியவில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று கரி வண்டிக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற கடையில், உன் பட்டியலில் ஐந்தாவது. வெங்காயம் உரிக்கிறார். அடுப்பில் நிற்கக் கேட்டாராம். மூக்கனே கை போய்விட்டது என்று எழுதிய ஆளை எப்படி நிறுத்துவது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. திட்டவும் இல்லை. தட்டைப் பற்றிச் சொன்னேன், உன் மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நீ பத்திரிகையில் எழுதியதைப் பத்திரிகையிலேயே எடுக்க வேண்டும் அண்ணா. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

தங்கை

*

ஏப்ரல் 13

அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை, பத்திரிகைதான் வந்தது. நேற்றைய இதழில் தேடித் தேடிப் பன்னிரண்டாம் பக்கத்தில் கண்டுபிடித்தேன். குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே, நான்கு வரி.

"திருத்தம்: மார்ச் 1 இதழில், ஆஸ்பத்திரி எதிரே உள்ள பார்பிக்யூ கடை குறித்த சில விவரங்கள் தவறுதலாக இடம்பெற்றுவிட்டன. வருந்துகிறோம்."

எந்த விவரம்? யார் வருந்துகிறீர்கள்? கசப்பு என்று எழுதியவன் ஒருவன், வருந்துவதற்கு மட்டும் பத்துப் பேரா?

அதைக் கத்தரித்துக் கொழுந்தனாரிடம் கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இதுல என் கையைப் பத்தி ஒண்ணும் இல்லையே அண்ணி" என்றார். அவ்வளவுதான். மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

உனக்கு இருக்கிற வெட்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உன் வெட்கத்தை நீ ஒளித்து வைக்க வைக்க, அந்த மனுஷர் அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறார். இனி நான் எழுத மாட்டேன்.

கடைக்காரி

*

ஏப்ரல் 24

என் தங்கைக்கு,

இத்துடன் இருப்பது ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் கட்டுரையின் நகல். எட்டாம் பக்கத்தில், பட்டியல் வந்த அதே இடத்தில், அதே அளவில் வரும். ஆசிரியர் அப்படிப் போட முடியாது என்றார். போடாவிட்டால் எதிர்ப் பத்திரிகைக்குக் கொடுப்பேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் மிரட்டிய முதல் மனிதர் அவர். போடுகிறேன், ஆனால் இதுதான் உன் கடைசிக் கட்டுரை என்றார். அதுவும் சரிதான்.

அந்த நான்கு வரியை எழுதியது நான். ஆசிரியர் எழுதினார் என்று உன்னிடம் சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அந்த அளவுக்கு இறங்கியிருந்தேன்.

நீ கடைக்காரி என்று கையெழுத்துப் போட்ட கடிதம் வந்த மறுநாள், டிப்போவுக்குப் பின்னால் போனேன். கொல்லைப்புறத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நான்கைந்து பேர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். எனக்கு வாசனை தெரியவில்லை, ஆனால் கண் எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். எனக்கு மூக்கு இல்லை, உங்கள் அடுப்பைப் பற்றி எழுதியது பொய், உங்கள் கை சலித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? படிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதினேன். கிழிக்கவில்லை.

கட்டுரையில் எல்லாம் இருக்கிறது. ஆகஸ்டு காய்ச்சல், தட்டு எண்ணிய தந்திரம், ஒன்பதாவது மாடியின் மூன்று துண்டு, பத்துக் கடையும் நான் ருசித்துச் சொன்னவை அல்ல என்பது, செங்கல் பொடி. செங்கல் பொடியை விட்டுவிடலாமே என்று ஆசிரியரே கெஞ்சினார், ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். கடைசிப் பத்தியில் பாதித் தட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் நீ எழுதியதைத்தான் எழுதினேன், என் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

அண்ணியிடம் நகலைக் கொடுத்தேன். படித்து முடித்தாள். பிறகு, "அப்ப இத்தனை மாசமா நீங்க நல்லாருக்குன்னு சொன்னது?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் சமையலுக்கு என்னிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அது. அதையும் நான் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். நேற்று அவள் வைத்த குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தது. அதை மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நிஜம்தானே?" என்றாள்.

பதில் எழுத வேண்டும் என்று கேட்க மாட்டேன். கொழுந்தனார் திரும்பி வந்தாரா என்று மட்டும் வண்டிக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பு.

உன் அண்ணன்
(இனி மூக்கன் இல்லை)

*

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையை யாரோ ஒருவர் வெட்டி எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார். யார் என்று தெரியவில்லை. நான் கிழிக்கவில்லை. ஊர் சிரித்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பாத்திரம் துலக்குகிற அக்கா தன் பாட்டில் பத்திரிகையில் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை நின்று முழுக்கப் படித்துவிட்டு, எழுதினவருக்கு இப்போது மூக்கு தேவலையா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

கொழுந்தனார் புதன்கிழமை வந்தார். காலையில் நான் கதவைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஏப்ரன் அதே ஆணியில்தான் இருந்தது, நான் அதைத் தொடவே இல்லை. கட்டிக்கொண்டு கரியைப் பற்றவைத்தார். முதல் துண்டை என்னிடம் நீட்டி, "எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க" என்றார். சொன்னேன். என் நாக்கால்தான் சொன்னேன்.

நீ இங்கே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இப்போது வராதே அண்ணா. அவர் உன்னைத் திட்ட மாட்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். உனக்கும் கதவுப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அவராகச் சொல்லும்போது எழுதுகிறேன்.

இன்று மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. எழுந்து உள்ளே கொண்டு போய், கட்டிக் கொடுங்கள் என்றேன். யாருக்கு என்று கொழுந்தனார் கேட்டார். சொன்னேன். அடுப்பில் கரியைக் கிளறினார். பிறகு ஒரு சுற்றுக் காட்டி, இலையில் மடித்து, நூலை எப்போதும்போல் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

வண்டிக்காரர் கையில் இருக்கிறது, கரி மூட்டைக்கு மேல் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ருசி தெரியாவிட்டால் பரவாயில்லை, சூடு தெரியுமே. ஆறுவதற்குள் சாப்பிடு. அண்ணிக்கும் ஒரு துண்டு கொடு, எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டு எழுது.

வர முடியாதவர்களுக்குத்தானே பாதித் தட்டு.

உன்
வாயாடி